முதல் பீரியட் கணக்கு

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கணக்கு வாத்தியாரைத்தான் காணவில்லை.

தலைமை ஆசிரியை ஆனந்தவள்ளி ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தார். பலகைக்கு முன்னால் வகுப்புத் தலைவி சாஜிதா சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏலே, பின்னால என்ன பேச்சு? எக்ஸ் எங்கலே போச்சு? எந்திச்சு சொல்லு பாப்போம்" என்று வாத்தியார் குரலிலேயே அதட்டினாள். பிள்ளைகளும் வாத்தியாருக்குப் பயந்த மாதிரியே பயந்தார்கள்.

எக்ஸ் எங்கே போனால் ஆனந்தவள்ளிக்கு என்ன? ஞானதுரை எங்கே போனார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதல் பீரியட் பாதி கரைந்த பிறகு கேட்டுக்குள் ஒரு மொபெட் நுழைந்தது. நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, தலையெல்லாம் குற்றாலத்துச் சாரல். ஞானதுரை வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்ன சார், இன்னைக்கும் லேட்டா?"

"பஸ்ஸு கெளம்பல மேடம்."

"நீங்க மொபெட்லதான வாரிய?"

ஞானதுரை திரும்பி மொபெட்டைப் பார்த்தார். அது மறுக்க வழியில்லாமல் அங்கேயே நின்றது.

"ஆமா மேடம்" என்றார். அப்புறம் வகுப்புக்குள் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் எக்ஸ் கிடைத்துவிட்டது. அதுதான் அந்த மனுஷனிடம் பெரிய தொந்தரவு. பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டால் கோபப்பட முடியாது. தென்காசியிலிருந்து வடகரைக்குப் போகும் பாதையில், வயலுக்கு நடுவே இருக்கும் அந்த அரசுப் பள்ளியில் கணக்கில் பிள்ளைகள் தேறுவதே அவரால்தான்.

ஆனந்தவள்ளி போன வருஷம்தான் தலைமை ஆசிரியை ஆனார். பதவி உயர்வு கிடைத்தவர்களுக்கு மதுரையில் ஒரு பயிற்சி நடத்தினார்கள். அங்கே பேசியவர் சொன்ன ஒரு வார்த்தை அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. 'ஆசிரியர் எவர் தப்புச் செய்தாலும் பின்னால் ஒரு வீட்டுக் கதை இருக்கும். அதை மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் கதையைக் கேட்டால் மறுநாள் எல்லாரும் கதையோடு வரிசையில் நிற்பார்கள்.'

அதனால் அவர் யாருடைய வீட்டுக் கதையையும் கேட்பதில்லை. ஆனால் நல்ல வாத்தியாரை நோகடிக்கவும் மனசில்லை. சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார்.

டைம்டேபிளை மாற்றினார். பத்தாம் வகுப்புக்கு முதல் பீரியட் விளையாட்டு, இரண்டாவது கணக்கு. பி.டி. வாத்தியார் இசக்கிராஜா காலையிலேயே பிள்ளைகளை மைதானத்தில் இறக்கினார். இரண்டாம் நாள் ஒரு வாலிபால், வலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சத்துணவுக் கூடத்து ஜன்னலையும் தாண்டி, கொதிக்கிற சாம்பாருக்குள் விழுந்தது.

"பந்து நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று இசக்கிராஜா வந்து சமாதானம் சொன்னார். "கழுவிட்டேன்."

"நான் பந்தையா கேட்டேன்?"

பந்தை விட மோசமானது ஸ்டாஃப் ரூமில் நடந்தது. அறிவியல் ஆசிரியை கிருபா வந்து நின்றார்.

"மேடம், ஞானதுரை சாருக்கு முதல் பீரியட் கெடையாதுன்னா எனக்கும் வேண்டாம். எங்க மாமியாருக்குக் காலைல—"

"வீட்டுக் கதை வேண்டாம் டீச்சர்."

"கதையில்ல மேடம், முழங்கால் வலி."

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். ஆனந்தவள்ளி அன்று சாயங்காலமே டைம்டேபிளைப் பழையபடி மாற்றினார்.

அடுத்து, பொறுப்பைத் தலையில் வைத்தால் ஆள் தானாக நிமிர்ந்துவிடுவார் என்று தோன்றியது. காலைப் பிரேயரை இனிமேல் ஞானதுரை சார்தான் நடத்துவார் என்று அறிவித்தார். ஞானதுரை முகம் வெளிறிப்போனது. ஆனாலும் மறுநாள் மணி அடிக்கும் முன்பே மைக் முன்னால் நின்றார். பிரேயர் முழுக்க அவர் கண் மட்டும் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே கிடந்தது.

ஆனந்தவள்ளிக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வீட்டுக்குப் போகும்வரைதான் நின்றது.

வீட்டில் கணவர் மகாராஜாவைக் காணவில்லை. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிடையரானவர். தென்காசி–செங்கோட்டை ரூட்டில் அவர் கைபடாத வண்டி கிடையாது. இப்போதெல்லாம் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட்டதையே மறந்து இன்னொரு தடவை இலை போடச் சொல்வார். வயசு ஆகிறது, வேறென்ன.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மகாராஜா கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு இறங்கினார்.

"செங்கோட்டையில பஸ்ஸுக்குள்ளயே இருந்தாரு. எறங்க மாட்டேன்னுட்டாரு. அட்ரஸ் கேட்டுக் கேட்டுக் கூட்டியாந்தேன்" என்றார் ஆட்டோக்காரர்.

"எங்க போனிய?" என்றார் ஆனந்தவள்ளி.

"வண்டிய விட்டுட்டு வாரேன்."

"ரிடையராகி எம்புட்டு வருசம் ஆச்சு, இன்னும் பேச்சு மாறல பாருங்க. நான் பள்ளிக்கூடத்தயும் பாத்து உங்களயும் தேடிக்கிட்டு அலையணுமா?"

மகாராஜா சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினார். அவருக்கு எதையும் வாங்கிவந்து நீட்டித்தான் பழக்கம். கல்யாணமான புதிதில் லைனுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் இதே சிப்ஸைத்தான் நீட்டுவார். ஆனந்தவள்ளி வாங்கி டப்பாவில் கொட்டினார். கோபம் போய்விட்டது.

மறுநாள் மழை வலுத்துப் பிரேயர் நடக்கவில்லை. இடைவேளையில் அந்தச் சிப்ஸை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்து, கதையையும் சொன்னார். 'வண்டிய விட்டுட்டு வாரேன்' என்று மகாராஜா சொன்ன இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞானதுரை மட்டும் சிரிக்கவில்லை. சிப்ஸையும் தொடவில்லை. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கு மறுநாள் பிரேயருக்கு அவர் வரவில்லை.

பிள்ளைகள் சாரலில் நனைந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் இசக்கிராஜாவை மைக்கில் நிறுத்தினார்கள். அவர் பதற்றத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பதிலாகத் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார். பாதியில் நிறுத்தக் கூடாதே. கணீரென்று பாடி முடித்தார். சாயங்காலம்தான் தேசிய கீதம் பாடி வீட்டுக்கு விடுவது வழக்கம். ஆறாம் வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஏழாம் வகுப்பு அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடியது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்துவதற்குள் பாதிப் பள்ளிக்கூடம் வயல் வரப்பில் நின்றது.

பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து உட்காரவைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெற்றோர் கூட்டமாக வந்து கேட்டார்கள். ஆனந்தவள்ளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்.

மூன்றாவது யோசனை இசக்கிராஜாவின் தலையில் விழுந்தது. அவருக்கும் தென்காசிதான். "நாளையில இருந்து உங்க பைக்ல ஞானதுரை சாரைக் கையோட கூட்டிட்டு வாரிய. அவர விட்டுட்டு வரக் கூடாது."

இசக்கிராஜா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஞானதுரையை விட்டுவிட்டு வரவே இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து லேட்டாக வந்தார்கள்.

"என்னய்யா இது?"

"பஸ் ஸ்டாண்டு வாசல்ல எறக்கிவிடு, இந்தா வந்துருதேன்னாரு மேடம். எதுத்தாப்புல சூடா வடை போட்டுக்கிட்டு இருந்தாவ."

"அவரு உள்ள போயி என்ன செஞ்சாரு?"

"நான் வடையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம்."

நாலு நாள் இப்படியே போனது. இசக்கிராஜாவுக்குத் தொப்பைதான் போட்டது; ஐந்தாம் நாள் ஆனந்தவள்ளி அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சு கிளம்பியது. கிருபா டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"தெனமும் பஸ் ஸ்டாண்டுல யாரையோ பாக்கப் போறாராம் மேடம். பாத்து, வண்டியில ஏத்திக்கிட்டும் போறாராம். எங்க வீட்டுப் பக்கத்துல சொன்னாவ. இந்த வயசுல… நமக்கு எதுக்கு."

நமக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். இனிமேல் சத்தமில்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று ஆனந்தவள்ளிக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஞானதுரையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், நீங்க நல்ல வாத்தியார். அதனாலதான் இம்புட்டு நாளும் பொறுத்துக்கிட்டேன். ஊரு கண்டபடி பேசுது. நாளைக்கு ஆபீசரு வந்து கேட்டா என்னால மறைக்க முடியாது. ஒரே வார்த்த சொல்லுங்க. நாளையில இருந்து நேரத்துக்கு வருவியளா, மாட்டியளா?"

ஞானதுரை கைவிரலில் அப்பியிருந்த சாக்பீஸ் தூளை மற்ற கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வீட்ல அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்ல மேடம். அதச் சொல்லத்தான் நான்—"

ஆனந்தவள்ளி கையை உயர்த்தினார்.

"வீட்டுக் கதை வேண்டாம் சார். அண்ணாச்சிக்குச் சொகமில்லன்னா அவரு பொண்டாட்டி பாத்துக்கிடுவா. நீங்க பாடத்தப் பாருங்க."

ஞானதுரை அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆனந்தவள்ளி மணியை அழுத்திப் பியூனைக் கூப்பிட்டுவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"சரி மேடம்" என்றார் ஞானதுரை. அந்தச் 'சரி'யில் சண்டையும் இல்லை, சம்மதமும் இல்லை.

ஆனந்தவள்ளி பயந்த மாதிரியே அந்த வாரமே கல்வி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முதல் பீரியட். நேரே பத்தாம் வகுப்புக்குள் போனார்.

"சார் எங்கம்மா?"

"பாத்ரூம் போயிருக்காவ சார்" என்றாள் சாஜிதா, கண் சிமிட்டாமல்.

"சாக்பீஸ் எடுக்கப் போயிருக்காரு சார்" என்றான் அதே நேரத்தில் பின்பெஞ்சில் ஒருவன்.

"சாருக்குக் காய்ச்சல்" என்றான் இன்னொருவன்.

"காய்ச்சலோட பாத்ரூம்ல சாக்பீஸ் எடுக்காராக்கும்?" என்றார் அதிகாரி.

வகுப்பு சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அப்போது பார்த்து மொபெட் கேட்டுக்குள் வந்தது.

அதற்கப்புறம் ஆனந்தவள்ளி கையில் எதுவும் இல்லை. விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். ஞானதுரை அதற்கு 'தாமதம் என் தவறு' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். வேறு காரணம் ஏதாவது சேர்த்து எழுதுங்கள், உடம்பு சரியில்லை என்றாவது எழுதுங்கள் என்று ஆனந்தவள்ளியே சொல்லிப் பார்த்தார். "பொய் எழுதக் கூடாது மேடம்" என்றார் ஞானதுரை. சங்கரன்கோவிலுக்கும் அப்பால், கரிசல்காட்டுக்குள் ஒரு பள்ளிக்கு மாற்றி உத்தரவு வந்தது.

அவர் போகிற அன்று பத்தாம் வகுப்பு சாப்பிடவில்லை. சாஜிதா பலகையை அழிக்க விடாமல் அதன் முன்னாலேயே நின்றாள். அவர் கடைசியாகப் போட்ட கணக்கு அதில் இருந்தது.

ஞானதுரை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக அறைக்கு வந்தார்.

"உங்க மேல தப்பில்ல மேடம். நானா இருந்தாலும் இதத்தான் செய்வேன். பிள்ளையளுக்கு முதல் பீரியட் முக்கியம்."

ஞானதுரை வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சாயந்திரம் ஒரு எட்டு வீட்டுக்கு வரட்டுமா? அஞ்சு நிமிசம் பேசணும்."

வாங்க என்று சொல்லத்தான் ஆனந்தவள்ளிக்குத் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்து பேசுகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பார். தன்னால் முடியாது என்று தான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

"சிபாரிசுன்னா வேண்டாம் சார். ஆர்டர் வந்தாச்சு. இனிமே நான் பேசுததுக்கு ஒண்ணுமில்ல."

ஞானதுரை தலையை ஆட்டினார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தார். அது இரண்டு தடவை அணைந்துபோய் மூன்றாவது தடவை கிளம்பியது.

அடுத்த திங்கட்கிழமை புதுக் கணக்கு வாத்தியார் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். பிரேயர் ஒழுங்காக நடந்தது. பந்து மைதானத்தைத் தாண்டவில்லை. யாரும் வரப்பில் ஓடவில்லை. ஆனந்தவள்ளி பத்தாம் வகுப்பைக் கடந்து போனபோது அவ்வளவு அமைதி. எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் எக்ஸ் எங்கே போனது என்ற கவலை இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆனந்தவள்ளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறைக்கு வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. திரையில் மகாராஜாவின் பெயர். எடுத்தால் வேறு குரல்.

"தென்காசி பஸ் ஸ்டாண்டுல இருந்து பேசுதோம். இந்தப் போன்ல 'வீடு'ன்னு போட்டிருந்துச்சு. நீங்க கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா."

ஆனந்தவள்ளி நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னாச்சு? அடிகிடி பட்டுட்டா?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்ல. வாங்க."

இசக்கிராஜாவின் பைக்கில் போய் இறங்கினார். சாரல் பெய்துகொண்டிருந்தது. செங்கோட்டை பஸ்ஸைச் சுற்றி ஒரு கூட்டம். டிரைவர் தன் இடத்தில் இல்லாமல் கீழே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பயணிகளில் ஒருவர், "என்னப்பா, வண்டிய எடுப்பியளா மாட்டியளா?" என்று சத்தம் போட்டார். இன்னொருவர், "பெரியவரு ஓட்டினா ஓட்டட்டுமே, நல்லாத்தான் பிடிச்சிருக்காரு" என்றார்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகாராஜா உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. வீட்டில் இத்தனை நாளாகக் கூனிக் கிடந்த மனுஷன். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடி வழியாகப் பின்னால் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, சிங்காசனத்தில் இருக்கிற மாதிரி இருந்தார்.

ஆனந்தவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே போய் நின்றார்.

"என்னங்க இது? எறங்குங்க. எல்லாரும் பாக்காவ."

மகாராஜா குனிந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற எந்தப் பெண்ணையும் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

"படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்கு தாயி. செங்கோட்டைக்கா? ஏறி உக்காருங்க. இப்ப எடுத்துருவோம்."

"நான் ஆனந்தவள்ளி."

"டிக்கெட்டு கண்டக்டர்ட்ட வாங்கிக்கிடுங்க."

பக்கத்தில் நின்ற இசக்கிராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனந்தவள்ளி ஸ்டியரிங்கின் மேல் இருந்த கணவரின் கையை எட்டிப் பிடித்தார். அந்தக் கை இவர் கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டது, கதவில் கை வைக்காதீர்கள், நசுங்கிவிடும் என்கிற மாதிரி.

எத்தனை நாளாக இப்படி? காலையில் தான் பஸ் ஏறிப் போன பிறகு என்னதான் நடக்கிறது? வேலைக்காரி முருகம்மாள் பத்து மணிக்கு வரும்போது மனுஷன் எப்போதும் வீட்டில்தானே இருக்கிறார்? அன்று ஒருநாள் தவிர. சிப்ஸோடு வந்தாரே, அந்த ஒருநாள் தவிர. ஆனந்தவள்ளிக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சாரலா கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை.

"எறங்குங்க. வீட்டுக்குப் போவோம். நான் கெஞ்சிக் கேக்கேன்" என்றார்.

மகாராஜா ஹாரனை அடித்தார்.

தோளில் பையும் கையில் டிக்கெட் மெஷினுமாக நின்ற கண்டக்டர் ஆனந்தவள்ளி பக்கத்தில் வந்து, "நீங்க சொன்னா எறங்க மாட்டாரும்மா; தெனமும் காலைல ஒரு கணக்கு வாத்தியாரு வந்து, 'செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்திருக்கேன், அண்ணாச்சிக்கு டூட்டி முடிஞ்சிட்டு'ன்னு சலாம் வச்சாத்தான் எறங்கி அவரு மொபெட்டுல ஏறி வீட்டுக்குப் போவாரு; பாவம், லேட்டா வாராருன்னு அவரத்தான் எங்கயோ மாத்திட்டாவளாம்" என்றார்.